மூக்குத்தித் தண்டின் நீளம்

"டோல்கேட் பத்தரிடம் ஈர்க்குச்சி கொடுத்தாயிற்று. ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள்" என்கிறது அப்பாவின் 1969ஆம் வருட நாட்குறிப்பு. நேற்று பேத்திக்கு மூக்குத்தி வாங்க இணையக் கடையைத் திறந்தேன். தண்டின் கனமும் நீளமும் தனித்தனியே கேட்டார்கள். அதன் பிறகுதான் நாட்குறிப்பைத் தேடி எடுத்தேன்.

ராயபுரத்தில் அப்போது மூக்கு குத்தியதும், துளை தூர்ந்துவிடாமலிருக்கத் துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒடித்து, தேங்காய் எண்ணெய் தொட்டுச் செருகிவைப்பார்கள். வீக்கத்துக்கு இடம்விட்டுச் சற்று நீளமாகவே ஒடிப்பது வழக்கம். அக்காவின் மூக்கிலிருந்த குச்சியையே அம்மா, மூக்குத்தி செய்யும் பத்தருக்குத் தண்டின் கனத்துக்கு அளவாகக் கொடுத்தனுப்பினாள். பத்தர் கனத்தை மட்டுமல்ல, நீளத்தையும் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை மூக்குத்தியைப் போட்டதும் தண்டு உள்ளே இடித்தது.

"சிரிச்சா குத்துதும்மா," என்றாள் அக்கா.

"அப்ப சிரிக்காத. போன தபா வந்தவங்க இன்னா சொன்னாங்க? பொண்ணு பல்லக் காட்டிக்கினே கீதுன்னாங்க. இதுவும் போச்சுன்னா உங்கப்பா தாங்க மாட்டாரு."

வந்தவர்கள் கேட்டதற்கெல்லாம் அக்கா தலையை மட்டும் அசைத்தாள். மாப்பிள்ளையின் அத்தை, "அடக்கமான பொண்ணு," என்றார். அன்றே தட்டு மாற்றினார்கள்.

மறுநாள் அப்பா பத்தரிடம் சண்டைக்குப் போனார். "நீ குடுத்த குச்சி அளவுக்குத்தான் நைனா செஞ்சேன்," என்றபடியே அவர் தண்டை அராவிக் குறைத்துக் கொடுத்தார்.

கல்யாணப் படத்தில் அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறாள். அன்றைய மௌனத்தின் காரணம் அத்தானுக்குத் தெரியுமா என்பதை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. அவரிடம் கேட்க அக்கா இன்னும் விடவில்லை.