வாயைத் திறக்காமல் எண்ணூர் வரை: மடக்குக் கீபோர்டோடு ஒரு நாள்

தொண்டையில் சின்ன அறுவை சிகிச்சை. "பதினஞ்சு நாள் வாயைத் திறக்கக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. மீறினா பழைய குரல் வரும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. எனக்கோ பிழைப்பே வாய்தான். ஒன்பது வருடமாக வெளியூர்க்காரர்களுக்கு வடசென்னையைச் சுற்றிக் காட்டுகிறேன். ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, கோயம்புத்தூர்த் தம்பதி ஒன்று வருவதாக இரண்டு மாதம் முன்பே பேசியாகிவிட்டது. சினிமாவில் பார்த்த வடசென்னையை மட்டும் நம்பிக்கொண்டு அவர்கள் ஊர் திரும்புவதை என்னால் தாங்க முடியாது. ரத்து செய்யவில்லை.

அதனால் இந்தக் கட்டுரை, பேச முடியாதவர்களுக்கும் பயணத்தில் லேப்டாப் சுமக்க அலுத்தவர்களுக்கும். என்னிடம் இருந்தது எட்டு அங்குல டேப்லெட், மூன்றாக மடங்கும் வயர்லெஸ் கீபோர்டு (1,450 ரூபாய், கைப்பையில் பர்ஸ் அளவு இடம்), கழுத்தில் மாட்டும் ஸ்பீக்கர் (900 ரூபாய்). நான் தமிழில் தட்டினால் டேப்லெட் வாய்விட்டுப் படிக்கும். வழக்கமாகச் சொல்லும் கதைகளை முந்தைய நாளே தட்டிச் சேமித்துவிட்டேன். மற்றதை அவ்வப்போது தட்டிக்கொள்ளலாம், என் வேகத்துக்கு இதெல்லாம் ஜுஜுபி.

காலை 7.10, ராயபுரம் ரயில் நிலைய வாசல். சரோஜாம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவர் மாணிக்கம் ஐயா மில்லில் வேலை பார்த்தவர். ஆட்டோ பாபுவுடையது. ஆறு வருடமாக என் சுற்றுலாக்களுக்கு அவன்தான். நாள் முழுக்க 1,600 ரூபாய்.

"வணக்கம். இன்று உங்களை அழைத்துச் செல்வதில் மகிழ்ச்சி" என்றது டேப்லெட். பாபு தலையில் கை வைத்துக்கொண்டான். "இன்னாக்கா, நியூஸ் வாசிக்குது?"

காசிமேடு இரண்டு கிலோமீட்டர். 7.40க்கு மீன் வாங்கும் கூட்டத்துக்குள் போய்விட்டோம். வஞ்சிரம் என்ன விலை என்று தட்டினேன். மீன்கார அம்மா என்னைப் பார்க்கவே இல்லை, என் கழுத்து ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் பேசினாள். "கிலோ தொள்ளாயிரம். நீ வேற இன்னாத்துக்கு மரியாதையா பேசிகினு கீற?" எழுநூற்றைம்பது என்று தட்டினேன். "பொட்டிக்கு பேரம் பேசக்கூட தெரிஞ்சிகீது பாரு" என்று பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்லிச் சிரித்து, எண்ணூறுக்குக் கொடுத்தாள். நான் வாயால் பேசி இவ்வளவு குறைத்ததில்லை.

வெயில் ஏற ஏறத் திரையில் ஒன்றும் தெரியாது, கறுப்புக் குடை அவசியம். பத்து நிமிடம் தொடாவிட்டால் கீபோர்டு தூங்கிவிடும். ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தி எழுப்பிவிட்டுத் தட்டத் தொடங்குங்கள். திருவொற்றியூர் கோயிலுக்கு ஏழு கிலோமீட்டர். அங்கே ஸ்பீக்கர் சத்தமே காதில் விழவில்லை, அத்தனை கூட்டம். திரையைச் சரோஜாம்மாவிடம் நீட்டினேன், அவர் வகுப்பில் படிப்பதுபோலக் கணவருக்குப் படித்துக் காட்டினார். சாப்பாடு 12.20க்கு, நால்வருக்கும் 480 ரூபாய். அதுவரை எனக்குத் தலைக்கனம்தான், மறைப்பானேன்.

1.40க்கு எண்ணூர் விரைவுச் சாலை. ஒரு பக்கம் கடலும் பாறாங்கற்களும், மறுபக்கம் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள். கல் மேல் நின்ற மாணிக்கம் ஐயாவைப் படம் பிடிக்க, சரோஜாம்மா போனைக் கண்ணருகே வைத்தபடி ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார். நான் ஆட்டோ ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், மடியில் கீபோர்டு. அவர் கால் சாலையில் இறங்கியதைப் பார்த்தேன். வந்த லாரியையும் பார்த்தேன். நான் கத்தவில்லை. தட்டினேன்.

பாபு பாய்ந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று, மேலெல்லாம் புழுதி. அதற்கப்புறம்தான் என் கழுத்திலிருந்து நிதானமாகக் குரல் வந்தது: "சரோஜாம்மா, உங்களுக்குப் பின்னால் லாரி வருகிறது." 'வருகிறது' வரைக்கும் தட்டி முடித்திருக்கிறேன்.

"இன்னாக்கா நீ? ஒரு சவுண்டு வுட வேணாமா? குந்திகினு தட்டினு கீற" என்றான் பாபு.

"விடுங்க தம்பி, அவங்களுக்குத் தொண்டை சரியில்லீங்கல்ல" என்றார் சரோஜாம்மா. அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. மன்னிப்புக் கேட்டுத் தட்டினேன். செய்தி வாசிக்கும் அந்தக் குரலில் அதைக் கேட்கவே அசிங்கமாக இருந்தது. அணைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

எண்ணூரில் ஒரு பெட்டிக்கடையில் பாபு இருபது ரூபாய்க்கு ஒரு விசில் வாங்கி என் கழுத்தில் மாட்டினான். "இத்த ஊது. அப்பால தட்டு." முகத்துவாரத்தில் படகுகளைப் பார்த்துவிட்டு, 4.30க்கு எண்ணூர் நிலையத்தில் அவர்களை ரயிலேற்றினேன். ஆளுக்கு ஐந்து ரூபாய் டிக்கெட்.

கீபோர்டும் டேப்லெட்டும் போதுமா என்று கேட்டால், தாராளமாகப் போதும். விலை கேட்கலாம், கதை சொல்லலாம், பேரம்கூடப் பேசலாம். சாலை ஓரத்தில் மட்டும் அதை மடக்கிப் பைக்குள் வையுங்கள், விசிலை வாயில் வையுங்கள். விசில் இல்லையென்றால் கத்துங்கள், தொண்டை போனால் போகட்டும்.

பதினாறாம் நாள் டாக்டரம்மா என் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார். நன்றாக ஆறியிருக்கிறதாம். "ஏதாவது சொல்லுங்க பாப்போம், மெதுவா" என்றார்.

"சரோஜாம்மா, பின்னால லாரி" என்றேன்.