பெருமாளிடம் பூக் கேட்டது

2025 மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, ஹனோய். காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த தூளில் காப்பி போட்டு அத்தைக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு நானும் குடித்தேன். துவைத்த துணி மூன்று நாளாகக் காயவில்லை. அதை மின்விசிறிக்கு அடியில் மாற்றிப் போட்டேன். வெளியே பொடித்தூறல். கொல்லிமலையில் ஐப்பசி மாதத்தில் விழுமே, குடை பிடித்தாலும் நனைக்கும், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனைக்காது, அந்த மாதிரி. ரவை உப்புமா கிண்டி அத்தை, அவள் மகன், நான் என்று மூன்று பேரும் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குக் கன்பூசியஸ் கோயிலுக்குக் கிளம்பினோம்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நாமக்கல் பக்கம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அவள் மகன் இங்கே வேலையில் இருக்கிறான். அவனைப் பார்க்க வருவதற்கு அவளுக்குத் துணையாக நான் வந்தேன். வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இந்தக் கோயிலைப் பார்த்துவிட வேண்டும் என்று விமானம் ஏறும்போதே சொல்லியிருந்தாள். அரசர் காலத்தில் இது கோயிலும் கல்லூரியுமாக இருந்த இடம். இப்போது யாரும் படிப்பதில்லை. படித்து முடித்த பெண்கள் நீள அங்கியும் பூங்கொத்துமாக வந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரு முற்றத்தில் இரண்டு பக்கமும் வரிசையாகக் கல்லில் செதுக்கிய ஆமைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் ஆள் உயரக் கற்பலகை. அந்தக் காலத்தில் அரசுத் தேர்வில் தேறியவர்களின் பெயர்கள் அவற்றில் வெட்டப்பட்டிருந்தன. தொடக் கூடாது என்று வேலி போட்டிருந்தார்கள். அத்தை வேலியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

“இதுல பொம்பளைங்க பேரு இருக்குதா கண்ணு?” என்று மகனைக் கேட்டாள்.

“இல்லீங்கம்மா. பொம்பளைங்க எழுதக் கூடாதாமா.”

“அத்தனையும் சொமக்கற ஆமைக்குப் பேரு?”

“ஆமைக்கெல்லாம் எதுக்குங்கம்மா பேரு?” என்று அவன் சிரித்தான்.

அத்தை சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “பெருமாள் கோயில்ல பூக் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்குதா?” என்றாள்.

இல்லாமல் என்ன? பூவை எடுத்தவளே நான்தான்.

எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீடு கொல்லிமலையில், வளப்பூர் நாடு என்கிற பகுதியில் இருந்தது. அத்தை எங்கள் பக்கத்திலேயே முதலாவதாகப் பத்தாவது தேறிய பெண். அவள் ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப் போட்டிருந்தாள், இடமும் கிடைத்துவிட்டது. அதே வாரம் எடப்புளியிலிருந்து அப்பாவின் தாய்மாமன் ஒரு பலாப்பழமும் சேவலுமாக வந்து இறங்கினார். அவர் மகனுக்கு அத்தை உரிமைப் பெண். தாத்தா இருந்த காலத்திலேயே வாய்வார்த்தையாகப் பேசிவைத்தது. தாத்தா போனபின் அந்தப் பேச்சுக்கு அப்பாதான் பொறுப்பு. எங்கள் மலையில் தாய்மாமன் உரிமையோடு கேட்டு ஒருவன் இல்லை என்று சொன்னால் அதன்பின் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள்.

“டவுன் வெயில்ல போயி கருவாடாட்டம் காயறதுக்கா இத்தன படிப்பு? எங்கூட்டுக்கு வா சாமி, நெழல்ல வெச்சுக்கறேன்” என்றார் தாய்மாமன்.

அத்தை அழுதாள். அப்பா அவளைப் பார்க்காமலேயே, “படிச்சது போதும். மொளகு யாரு பறிக்கறது?” என்றார். அத்தை அவரோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். சோறு போடும்போதுகூடத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவாள்.

ஆனால் பூக் கேட்கலாம் என்றதும் அப்பாதான். “நானும் சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாங்க மாமா. பெருமாளக் கேட்டுப்போடுவோம். சாமி சொன்னா அப்பறம் யாருக்கும் மனத்தாங்கல் இல்லீங்க.”

“கேளு, கேளு. பெருமாள் எங்கூட்டுக்காரரு” என்று தாய்மாமன் மீசையைத் தடவிக்கொண்டார்.

பூக் கேட்பது இப்படி. ஒரு பொட்டலத்தில் வெள்ளை அரளி, இன்னொன்றில் செவ்வரளி. வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டி சாமிக்கு முன்னால் வைப்பார்கள். வீட்டுக்குப் பெரியவர் தனியாகப் போய்க் கட்டிவர வேண்டும், வேறு யாரும் பார்க்கக் கூடாது. குளித்த குழந்தை ஒன்று இரண்டில் ஒன்றை எடுக்கும். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வெள்ளை வந்தால் அத்தை படிக்கப் போவாள். சிவப்பு வந்தால் கல்யாணம்.

எனக்குச் சிவப்பு வர வேண்டும். எடப்புளி என்றால் ஒரு பஸ் ஏறினால் போய்விடலாம். நாமக்கல் என்றால் மலையை விட்டே இறங்க வேண்டும். அத்தை பக்கத்தில் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கோயிலுக்கு நடக்கும்போது வழியெல்லாம் பெருமாளிடம் சிவப்பு, சிவப்பு என்று முனகிக்கொண்டே போனேன்.

இரண்டு பொட்டலமும் ஒரே அளவாக இருந்தன. எது எது என்று அப்பாவுக்குத் தெரியுமே, அவர் கண் எதன் மேல் போகிறது என்று பார்த்தேன். அவர் எதையும் பார்க்கவில்லை. கோயில் ஓட்டின் மேல் படர்ந்திருந்த மிளகுக் கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அத்தை தூணைப் பிடித்துக்கொண்டாள். தாய்மாமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, “சாமியே சொல்லிப்போட்டா நம்ம என்ன பண்ணறது? புள்ள படிக்கட்டும்” என்றார். அப்பா மற்றப் பொட்டலத்தைச் சட்டென்று எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நகர்ந்தார். ஆனால் தாய்மாமன் அவர் தோளில் கையைப் போட்டு, தன் மகனுக்கு வேறு பெண் பார்ப்பதைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். உதறிவிட்டுப் போக முடியாமல் அப்பா என்னைக் கூப்பிட்டு, “பிரிக்காம ஓடையில உட்டுட்டு வா சாமி” என்று கொடுத்தார்.

அத்தைதான் கிடைக்கவில்லை, சிவப்புப் பூவாவது தலைக்கு ஆகட்டும் என்று நினைத்தேன். ஓடைக்கரைப் பாறையில் உட்கார்ந்து நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். அதிலும் வெள்ளை அரளி.

ஏழு வயதுக்கு எட்டிய அளவில் நன்றாகவே யோசித்தேன். நான் எதை எடுத்தாலும் அத்தை போயிருப்பாள். சிவப்பு வை என்று அவ்வளவு கெஞ்சியும், இருந்த சிவப்பையும் பெருமாள் வெள்ளையாக்கிவிட்டார். பூவைத் தண்ணீரில் எறிந்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அத்தை கிளம்பிய அன்று பஸ் நிற்கும் இடம்வரை எல்லோரும் போனோம். அவள் அப்பாவிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்பா அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னேணி வழியாக மேலே ஏறினார். நான் உள்ளே ஏறி அத்தையின் காதில் சொன்னேன்.

“அத்தே, பெருமாள் ஏமாத்திப்போட்டாரு. இன்னொன்னுலயும் வெள்ளப் பூதான் இருந்துச்சு.”

“பிரிச்சுப் பாத்தியா?”

“ம்.”

மேலே பெட்டியை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. அத்தை பஸ்ஸின் கூரையை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இத யார்கிட்டயும் சொல்லிப்போடாத கண்ணு” என்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. பெருமாளின் மானம் போய்விடுமே என்று அழுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பஸ் நகர்ந்தபோது அவள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். அப்பா கூடவே நாலு எட்டு ஓடி அந்தக் கையைப் பிடித்து, பிறகு விட்டார். பெருமாள் மேல் எனக்கு இருந்த கோபம் நெடுநாள் போகவில்லை. கோயிலுக்குக் கூட்டிப்போனால் கும்பிடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். அப்பா அதற்கு ஒருநாளும் திட்டவில்லை. திட்டியது அம்மாதான்.

கல் ஆமைக்குப் பக்கத்தில் இதையெல்லாம் அத்தையும் நானும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். அவள் மகன் வாயைப் பிளந்து கேட்டான்.

“அன்னிக்கு நீ சொல்லாம உட்டிருந்தா எங்கண்ணன் மேல வெறுப்போடவே போயிருப்பேன்” என்றாள் அத்தை.

“அப்பாகிட்ட எப்பவாவது கேட்டீங்களா?”

“எப்புடிக் கேக்கறது? சாமி முன்னால வெச்ச பொய்யி. அவரா சொல்லுவாருன்னு இருந்தேன். அவரும் சொல்லல. போயிட்டாரு.”

அப்போதுதான் அவளுக்குத் தெரியாத ஒன்று என்னிடம் இருப்பது நினைவுக்கு வந்தது. பஸ் போனபின் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அப்பா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சாலையில் நின்றார். மலைப்பாதையில் பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கும். சத்தம் தேய்ந்து போகும், மறுபடி கேட்கும். எனக்குப் பசித்தது. போகலாம் என்று கையை இழுத்தேன். “இரு சாமி, இன்னொரு வளைவு இருக்குது” என்றார். அது போனதும் மறுபடி அதையே சொன்னார். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியே வந்திருக்கும், இவர் இல்லாத பஸ்ஸைக் கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. போகச் சொல்லி அனுப்பிவைத்தவர் எதற்காக நிற்க வேண்டும் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை. எந்த வருடம் தெரிந்தது என்று என் நாட்குறிப்புகள் எதிலும் இல்லை.

இதைச் சொன்னதும் அத்தை வேலியைவிட்டு வந்து ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். தூறல் நிற்கவே இல்லை. மற்ற முற்றங்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டோம்.

மார்ச் 10, திங்கள். காலையில் அத்தையின் மகன் வேலைக்குக் கிளம்பினான். அவன் வண்டிச் சத்தம் மற்ற வண்டிகளோடு கலந்து தெரியாமல் போனபிறகும் அத்தை பால்கனியிலேயே நின்றாள். நான் காப்பியை ஆற்றியபடி அவளோடு நின்றேன்.