கபில தீர்த்தம் சுற்றி மச்சான் கடைக்கு

திருப்பதிக்கு வருகிறவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். கீழே ஓர் ஊர் இருப்பது கண்ணில் படுவதில்லை. போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரை ஏழரை மைல் நடந்து பார்த்தேன். விரும்பித்தான் நடந்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

காரணம் என் மகள். எட்டு மாதக் குழந்தை. தையில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது எங்கள் வழக்கம். அந்தத் தாய்மாமனோடு நான் நான்கு வருடமாகப் பேசுவதில்லை.

என் மனைவியின் அண்ணன் நகரிக்காரர், தறிக் குடும்பம். எல்லைத் தகராறு நடந்தபோது நகரியைச் சென்னை ராஜ்ஜியத்தோடு சேர்க்கச் சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார். நான் சித்தூரில் சர்க்கார் பள்ளி ஆசிரியன், போடவில்லை. ஒரு கல்யாணப் பந்தியில் எல்லோர் முன்னாலும், "மாப்ளைக்குக் கை நடுங்கும்பா. கவர்மெண்டு சோறு துன்றவரு" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் திருத்தணி சென்னைப் பக்கம் போயிற்று, நகரி தெலுங்குப் பக்கமே நின்றது. அவரே இன்னும் உள்ளே தள்ளி, திருப்பதியில் துண்டுக் கடை வைத்துவிட்டார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சந்தோஷம்தான்.

"நேர்ல போயி கூப்புடுங்க. எங்கண்ணன் மடி இல்லன்னா காதும் குத்த வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று மனைவி சொல்லிவிட்டாள். வெற்றிலை பாக்கு, பழத்தோடு காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினேன். நாற்பத்தைந்து மைல், ஒரு ரூபாய் எழுபது நயா பைசா. ஒன்பதுக்குத் திருப்பதி.

பஸ் நிறுத்தத்திலிருந்து கோவிந்தராஜர் கோயில் தேரடி அரை மைல். மலையிலிருந்து இறங்கிய மொட்டைகள் தெருவெங்கும் சந்தனம் பூசிக்கொண்டு திரிந்தன. துண்டுக் கடைகள் ஏழெட்டு இருந்தன. எது மச்சானுடையது என்று தெரியவில்லை. மூடியிருந்த ஒரு கடைப் படியில் ஒரு மொட்டை உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. நகரிக்காரர் கடை எது என்று நல்ல தெலுங்கில், மிக மரியாதையாக விசாரித்தேன். அவர் துண்டால் வாயைத் துடைத்தபடியே தெலுங்கில் பதில் சொன்னார்: அந்தக் கடை கபில தீர்த்தத்துக்குப் போய்விட்டது, அங்கே இல்லையென்றால் திருச்சானூர். இரண்டு முறை நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வடக்கே இரண்டு மைல். கடைத்தெருவின் இரைச்சல் மெல்ல அடங்கி, மாடு கட்டிய வீடுகளும் பூந்தோட்டங்களும் வருகின்றன. பிறகு சட்டென்று மலை எதிரே நிற்கிறது. மழை முடிந்த மாதம். அருவி குளத்தில் விழும் சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அரை மணி நேரம் கால் நனைத்து உட்கார்ந்திருந்தேன். கோபமாக இருக்க வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

பூக்காரியிடம் கேட்டேன். "துண்டுக் கடையா? இங்க ஏதுங்க சாரு! எவனோ உங்கள ஊரு சுத்த வுட்டுக்கினு இருக்கான்" என்று சிரித்தாள்.

நான் நம்பவில்லை; மொட்டை சொன்ன இரண்டாவது இடம் பாக்கி இருந்தது. அங்கிருந்து திருச்சானூர் ஐந்து மைல். ஊரின் முதுகுப்புறத்தை அப்போதுதான் பார்த்தேன்: செக்கு ஓடும் சந்து, பாத்திரம் தட்டும் தெரு, பிறகு இருபுறமும் நெல் வயல். பிரம்மோற்சவம் முடிந்த வாரம். கோயில் தெருவில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே துண்டு விற்றவர் தலையில் அடித்துக்கொண்டார். "நகரிக்காரரா? அவருகிட்டதான் நாங்க சரக்கு எடுக்கறோம். தேரடியிலதான் கடை. நேத்துதான் மொட்ட போட்டுக்கினு வந்தாரு!"

எட்டணா கொடுத்து ஜட்கா வண்டியில் திரும்பினேன். கடை திறந்திருந்தது. அதே மொட்டை.

"வாங்க மாப்ள. ஊரு நல்லா இருந்துச்சா?"

"உமக்கு வெட்கமா இல்ல?"

"நாலு வருஷத்துல என்கிட்ட நீங்க மரியாதையா பேசினது காலையிலதான். கேக்க நல்லா இருந்துச்சு, வுட்டுட்டேன்." இலை போட்டுத் தயாராக வைத்திருந்தார். "உக்காருங்க. அன்னிக்கு பாதியில எழுந்தீங்களே, மிச்சத்த துன்னுங்க."

உட்கார்ந்தேன், பசி. மொட்டை எதற்கு என்று கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ரசம் ஊற்றினார்.

"தங்கச்சிக்கு நாப்பது வயசுல பிரசவம்னு கேள்விப்பட்டேன். தாயும் புள்ளயும் நல்லா பொழச்சா முடி தரேன்னு வேண்டிக்கினேன். நீங்கதான் ஒரு கடுதாசி போடல."

வெற்றிலை பாக்கையும் பழத்தையும் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு: கார்த்திகை, மார்கழிதான் சரியான காலம். தேரடியில் காலை ஒன்பதுக்குத் தொடங்கி, கபில தீர்த்தம், பிறகு திருச்சானூர், திரும்ப ஜட்கா. செருப்பு பழையதாக இருக்கட்டும். இதைவிட நல்ல வழி கிடையாது. வகுத்தவர் என் மச்சான் என்பதால் நடந்ததை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். தையில் வருகிறார். அதற்குள் விரற்கடை அளவாவது முடி முளைத்திருக்கும். இந்த முறை அடையாளம் தெரிந்துகொள்வேன்.