குளியலறைக் கதவு

கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, பகல் வெளிச்சத்தில் நிமிர்ந்து நின்று ஒருமுறை குளிக்க வேண்டும். என் அம்மா உலகத்தில் ஆசைப்பட்டது இவ்வளவுதான். நடவு முடிந்து சேறும் சகதியுமாக வருகிறவளுக்கு வீட்டுக்குப் பின்னால் நான்கு கீற்றுத் தட்டிகளும் ஒரு கல்லும்தான் குளியலறை. நிமிர்ந்தால் தட்டிக்கு மேல் தலை தெரியும். குனிந்தே குளிப்பாள்.

புது ஆட்சி வந்து, கூலிக்காரர்கள் குடியிருக்கும் மனை அவர்களுக்கே என்று சட்டம் போட்டபோது எனக்குப் பத்து வயது. அதுவரை நாங்கள் படுத்து எழுந்த தரை மிராசுதாருடையது. வீட்டையும் புழங்குகிற இடத்தையும் அளந்து பட்டா தருவார்கள் என்று சங்கத்துக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நாளைக்கு சர்வேயர் வருகிறார் என்றதும் அம்மா செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரிய மனுஷர் கண்ணில் குளிக்கிற இடம் படலாமா என்று வெட்கப்பட்டு, தட்டிகளைப் பிடுங்கினாள். கல்லைப் புரட்டித் தள்ளினாள். சாணம் மெழுகிக் கோலமும் போட்டுவிட்டாள்.

சர்வேயர் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். "இங்க என்னம்மா புழங்குறீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. சும்மாதான் கெடக்கு."

பின்சுவரோடு எல்லைக்கல்லை நட்டுவிட்டுப் போய்விட்டார். மறுவாரமே மிராசுதாரின் ஆட்கள் சுவரை ஒட்டி முள்வேலி அடைத்தார்கள். அம்மா மெழுகிய இடம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும் என்று அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். அம்மா இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அதன்பிறகு விடியுமுன் எழுந்து வாய்க்காலுக்குப் போனாள். ஆனாலும் ஆசையை விடவில்லை. வலங்கைமானில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கதவு ஒன்றை வாங்கி, மாட்டுவண்டியில் ஏற்றி வந்து சுவரில் சாய்த்தாள். குளியலறையே இல்லை, அதற்குள் கதவு! தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அடுப்பை வாசல் சாய்ப்புக்கு மாற்றிவிட்டு அடுப்படியைக் குளியலறையாக்குவதுதான் அவள் திட்டம். கரித்துண்டால் தரையில் கோடு போட்டு, அண்டா இங்கே, கதவு இங்கே என்று எனக்குக் காட்டுவாள். வீடு மெழுகும்போது கோடு அழிந்துவிடும். மறுபடி போடுவாள்.

கொத்தனார் வந்து சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரிதாங்க்கா. தண்ணி எங்க போவும்?"

பின்னால் விட்டால் மிராசுதார் நிலம். சுவரில் துளை போட்டாலே அடிதடி. முன்னால் விட்டால் எதிர்வீட்டு வாசலில் தேங்கும். "எங்க வாசல்ல ஒஞ் சோப்புத் தண்ணியா?" என்று எதிர்வீட்டுக்காரி அப்போதே கையை நீட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திரும்பின பக்கமெல்லாம் ஆறும் வாய்க்காலும் ஓடுகிற சீமையில், எங்கள் வீட்டின் இரண்டு குடம் அழுக்குத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை.

அப்பா ஜமாபந்திதோறும் மனு கொடுத்தார். ஆட்சி மாறியது, தாசில்தார்கள் மாறினார்கள். பட்டாவில் இருப்பதுதான் உங்களுக்கு என்ற பதில் மாறவில்லை. கதவின் அடிப்பக்கம் செல்லரிக்கத் தொடங்கியது.

நான் பள்ளிக்கூடம் முடிக்கும் வருஷம் அம்மா காய்ச்சலில் விழுந்தாள். "கதவுக்கு மண்ணெண்ணெய் தடவி வையிடி" என்றாள். நாளைக்கு ஆகட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த நாளைக்குள் அவள் போய்விட்டாள்.

குளிப்பாட்டத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல பகல். பெஞ்சு கிடைக்காமல் யாரோ அந்தக் கதவைத் தூக்கி வந்து போட, அதன்மேல் அம்மாவைக் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி நின்று புடவைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். தண்ணீர் கதவிலிருந்து வழிந்து, தெருவில் இறங்கி, எதிர்வீட்டு வாசலில் போய்த் தேங்கியது. எதிர்வீட்டுக்காரி புடவையின் ஒரு முனையைப் பிடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.