சத்தமில்லாத ஊர்வலம்

தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் வீதி வழியாக என்னோடு நடந்து வரும் ழான், ஒரு பலசரக்குக் கடை வந்ததும் வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவான். தமிழில் ஒரு சொல்லும் தெரியாத பிரெஞ்சுக்காரன் ஒரு தமிழன் கடையோடு கோபம் போட்டிருக்கிறான். பார்ப்பவர்களுக்கு விசித்திரம், எனக்குப் பெருமை. கடைக்காரன் சிவநேசன் என் ஊர்க்காரன்தான். நானும் அங்கே ஒரு முருங்கைக்காய்கூட வாங்குவதில்லை.

புறநகரான ஸ்தேனுக்கு அப்பால் எங்களுக்கு ஒரு மண் ஓடுதளம் இருந்தது. பிரேக்கே இல்லாத மோட்டார் சைக்கிள்களைச் சறுக்கிச் சறுக்கி வட்டமாக ஓட்டும் பந்தயம். கிழமை முழுவதும் உணவகச் சமையலறையில் தலைமைச் சமையற்காரனுக்கு 'வி, ஷெஃப்' என்று தலையாட்டிய நாங்கள், ஞாயிறு மதியம் அங்கே தொண்டை கிழியக் கத்துவோம். ழான் ஓட்டுவான். அந்த வண்டியைத் தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும்; தள்ளுகிறவன் நான். பின்சில்லு வாரியடிக்கும் மண் என் முகமெல்லாம் அப்பும். விசாவுக்காக அலைந்த அந்தக் காலத்தில், இந்த நாட்டில் என்னோடு ஒட்டிக்கொண்டது அது ஒன்றுதான்.

ஓடுதளத்துக்குப் பக்கத்தில் சிவநேசன் வீடு வாங்கினான். சத்தம் தாங்க முடியவில்லை என்று அயலவரைத் திரட்டினான். நகரசபைக் கூட்டத்தில் எழுந்து, இந்த ஊர்க் குடிமக்களான எங்களுக்கு அமைதி வேண்டும் என்று பிரெஞ்சில் பேசியவன், நாங்கள் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. ஓடுதளத்தை மூடினார்கள். வெளியே வந்ததும் ழான் கேட்டான்: "அவன் உங்கள் ஆள்தானே?" பிறகு அதே நிலத்தில் சிவநேசன் ஒரு கொண்டாட்ட மண்டபம் கட்டினான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இந்த வசந்தத்தில், வயதுக்கு வந்த அவன் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. ஒருவர் பிள்ளையைக் குதிரை வண்டியில் கொண்டுவந்தால் இன்னொருவர் ஹெலிகொப்டர் பிடிக்கும் ஊர் இது. சிவநேசனுக்கு மோட்டார் சைக்கிள் ஊர்வலம் வேண்டுமாம். வெட்கமே இல்லாமல் எங்களிடமே வந்து கேட்டான். உடனே சம்மதித்தோம். அவன் அதைப் பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டான்.

அன்று மதியம் மண்டப முற்றத்தில் சனம் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றது. முற்றத்துக்கு இன்னும் சீமெந்து போடவில்லை. எங்கள் ஓடுதள மண்தான், காலை மழையில் ஊறிக் கிடந்தது. பெண்பிள்ளை வந்த காருக்கு முன்னால் வண்டிகளை உருட்டிக்கொண்டு போனோம். ஒரு எஞ்சின்கூட இயங்கவில்லை. செத்தவீட்டு ஊர்வலம் போல இருந்தது.

பட்டுவேட்டியோடு சிவநேசன் ஓடிவந்தான். "என்ன அண்ணை, ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கோவன். சனம் பாக்குது."

"சத்தம் உமக்கு ஒத்துவராதெண்டு நீர்தானே சொன்னனீர்?"

அவன் முகம் கறுத்தது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். ஆனால் காரிலிருந்து அவன் மகள் இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ழானிடம் வந்து பிரெஞ்சில் கெஞ்சினாள். சின்ன வயதில் வீட்டு மாடி ஜன்னலில் நின்று ழான் வண்டி ஓடுவதைத்தான் பார்ப்பாளாம். ஒரே ஒருதரம் ஓடிக் காட்டட்டுமாம். ழான் வண்டியில் ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்தான்.

"தள்ளு" என்றான்.

மனம் மறுத்தது, கைகள் கேட்கவில்லை. தள்ளினேன். வண்டி உறுமிக்கொண்டு ஒரு வட்டம் அடித்து, ஈரமண்ணை வாரிச் சிவநேசனின் பட்டுவேட்டி முழுக்க இறைத்தது. எனக்கும் முகம் நிறையக் கிடைத்தது. மகள் கைதட்டிச் சிரித்தாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

வாசலில் நின்ற பெண்கள், நான் யாரென்று தெரியாமல், சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்கள். நெற்றி மண்ணைத் துடைக்க மனம் வரவில்லை. அதன்மேலேயே சந்தனத்தை வைத்துக்கொண்டு, உள்ளே போகாமல், ழானோடு வாசலில் நின்றேன்.