வயரைக் கழற்றிட்டுப் பேசு தம்பி!

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஆவணி மாதம். மலாக்கா காஜா பேராங்கில் எங்கள் வீட்டு முன்பகுதியிலேயே பூக்கடை வைத்திருக்கிறேன். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்காகத் தெருவெல்லாம் கொடி பறந்தது. எனக்கோ முகூர்த்த மாலைகளில் தலை நிமிர நேரமில்லை. அந்த நேரம் பார்த்தா பூ வைக்கும் குளிர்பெட்டி, அந்தச் சில்லர், நின்று போக வேண்டும்!

குளிரைக் கட்டுப்படுத்தும் போர்டு எரிந்துவிட்டது, பழைய மாடல், மாற்று கிடைக்காது என்றார்கள். என் கணவர், பத்து பெரெண்டாம் வட்டாரத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இன்ஜினியரை அழைத்து வந்தார். அவர் தானே ஒரு மைக்ரோகண்ட்ரோலர் போர்டு செய்து பொருத்தினார். போர்டைச் சோதிக்கும் விரல் நீளக் கருவி ஒன்றை, 'டீபக் புரோப்' என்று பெயராம், வயர் வழியாக அதில் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் மாட்டினார். போர்டில் எண்கள் ஒளிர்ந்தன, மோட்டார் ஓடியது, உள்ளே ஜில்லென்று ஆனது. எனக்கு வாயெல்லாம் பல்.

வேலை முடிந்ததும் வயரைக் கழற்றினார். எண்கள் அணைந்தன. "புதுசா ஸ்டார்ட் ஆகும் ஆண்ட்டி, கொஞ்ச நேரம் கதவைத் தொடாதீங்க" என்று சொல்லி, போர்டின் மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பினார். நானும் தொடவில்லை. பிறகு திறந்தால் உள்ளே புழுங்குகிறது. நிச்சயதார்த்தம் ஒன்றுக்காக வாங்கிய மல்லிகை பழுப்பேறிக் கிடக்கிறது. பெண்ணின் அம்மா என் வாசலில் நின்று தெருவே கேட்கத் திட்டினார். "கல்யாண மாலையாவது ஒழுங்கா வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இன்ஜினியர் மறுபடி வந்தார். லேப்டாப்பை மாட்டினார், ஓடியது. "போர்டு நல்லாத்தானே இருக்கு அங்கிள்? ஆண்ட்டி பேச்சு வாக்கில கதவைத் திறந்து போட்டிருப்பாங்க லா!" என்றார். என்னிடம் இல்லை, என் கணவரிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதைவிட எரிச்சல், என் கணவர் தலையாட்டியது. "நீ கொஞ்சம் கவனமா இரு" என்று எனக்கே புத்திமதி. காலமெல்லாம் பூவோடு கிடப்பவளுக்குச் சில்லர் கதவை மூடத் தெரியாதா? அவர் வயரைச் சுருட்டிக்கொண்டு போனார். சில்லர் மறுபடியும் உயிரை விட்டது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் காலையில் திரும்பவும் வரவழைத்தோம். மல்லிகை முழுக்க ஐஸ் பெட்டியில் காத்திருந்தது. வழக்கம்போல லேப்டாப், வழக்கம்போல ஓட்டம். திடீரென்று தெரு முழுக்க கரண்ட் போனது. ஃபேன் நின்றது, மோட்டார் நின்றது. அந்த போர்டில் எண்கள் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தன.

"பாத்தீங்களா ஆண்ட்டி, கரண்ட் இல்லாமலே நம்ம போர்டு வேலை செய்யுது!" என்று பெருமையாகச் சிரித்தார்.

"அது எப்படிப்பா?" என்று என் கணவர் கேட்டார்.

"லேப்டாப்ல இருந்து புரோப் வழியா கரண்ட் வருது அங்கிள். மேசையில எப்பவும் அப்படித்தான் ஓட்டிப் பாப்போம்..." சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது.

கரண்ட் வந்ததும், "இப்ப வயரைக் கழற்றிட்டுப் பேசு தம்பி" என்றேன். கழற்றினார். ஃபேன் சுற்றியது, போர்டு செத்துக் கிடந்தது. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை போர்டுக்குக் கொடுக்க வேண்டிய பாகம் முதல் நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. ஓட்டியதெல்லாம் லேப்டாப். பழி மட்டும் எனக்கு!

"சின்ன பார்ட்தான், நாளைக்குக் கொண்டு வரேன்" என்று லேப்டாப்பைப் பைக்குள் வைக்கப் போனார். நான் அதன் மேல் கையை வைத்தேன்.

"மாட்டி வைங்க. உங்க சாமான் சரியாகற வரைக்கும் இது இங்கதான் இருக்கும்."

"ஐயோ ஆண்ட்டி, என் வேலையெல்லாம் அதுலதான் இருக்கு லா!"

"என் வேலையும் அதுலதான் இருக்கு."

அன்று அவருடைய லேப்டாப் போர்டில் மாட்டியபடியே என் பூக்கூடைகளுக்கு நடுவில் கிடந்தது. மறுநாள் மாலைகள் வெள்ளை வெளேரென்று மண்டபத்துக்குப் போயின. பெண்ணின் அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்ஜினியர் பாகத்தை மாற்றினார், லேப்டாப்பை வாங்கிக்கொண்டார், மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. என் கணவர் அதன் பிறகு சில்லர் கதவைப் பற்றி வாய் திறந்ததில்லை.

இப்போதெல்லாம் எதைப் பழுது பார்க்க யார் வந்தாலும், கொண்டு வந்த வயரையெல்லாம் கழற்றச் சொல்லி, அதற்குப் பிறகும் ஓடுகிறதா என்று பார்த்துத்தான் அனுப்புகிறேன். ஆனாலும், அந்த ஒரு வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பதைவிட, என்னைக் குறை சொல்வது அவருக்குச் சுலபமாக இருந்ததே, அந்தக் கோபம் மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை.