கோப்பி மேல் நான் போட்ட பழி

1. சட்டையில் அச்சடித்த வீரம்

ஹோட்டல் லாண்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றதும், சும்மா இருக்கப் பிடிக்காமல் வீடுகளில் பூனை, நாய் மூத்திர வாடையைப் போக்கும் தொழிலில் இறங்கினேன். முதல் செலவு சாமானுக்கு அல்ல, சட்டைக்கு. ‘வாடை போகும்வரை நாங்கள் போகமாட்டோம்’ என்று முதுகில் அச்சடித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் மூக்கடைத்துக்கொண்டால் கருவாடு பொரிப்பதுகூட எனக்குத் தெரியாது. அதை மட்டும் அச்சடிக்கவில்லை.

ஜெலுத்தோங் ஃபிளாட்டிலிருந்து பார்வதி அக்கா கூப்பிட்டார். கணவர் இறந்த பிறகு மகன் சுரேஷோடு இருப்பவர். மகன் வேலைக்குப் போய்விட்டால் கோப்பி என்ற பழுப்பு நிறக் கிழட்டுப் பூனைதான் துணை. கோப்பிக்கு மூத்திரக் கல் வந்து, சோபாவிலேயே மூத்திரம் போய்விட்டான். வைத்தியம் செய்ததில் அவன் தேறினான், சோபா தேறவில்லை. அக்கா சாம்பிராணி போட்டுப் பார்த்திருக்கிறார். சுரேஷ் பிளீச் ஊற்றிப் பார்த்திருக்கிறான். நான் போனபோது கோயில், நீச்சல் குளம், பூனை மூன்றும் அந்த ஒரே சோபாவில் இருந்தன.

“அங்கிள், என் வைஃப் பட்டர்வொர்த்துல அவங்க அம்மா வீட்டுல இருக்காங்க. அடுத்த மாசம் கைப்பிள்ளையோட வர்றாங்க. அதுக்குள்ள இந்த நாத்தம் போகணும். போகலன்னா கோப்பி மாக் மண்டின் போறான். அங்க என் கூட்டாளி வொர்க்‌ஷாப்ல எலி நெறைய இருக்கு லா” என்றான் சுரேஷ்.

“பல்லே இல்லாத பூனைடா அது” என்றார் அக்கா.

“கவலப்படாதீங்க அக்கா, நான் இருக்கேன்” என்றேன். சட்டை கொடுத்த தைரியம்.

2. மரியாதை தெரிந்த மனிதன்

சோபா வேலைக்குப் போன அன்று காலைதான் தஞ்சோங் தோக்கோங்கில் நான்கு கடுவன் பூனைகள் வளர்க்கும் வீட்டை முடித்திருந்தேன். அங்கிருந்து நேராக ஜெலுத்தோங். வாசலில் செருப்பைக் கழற்றி, பாட்டில் தண்ணீரில் காலையும் கழுவிக்கொண்டேன்.

“நல்ல பழக்கம் தம்பி. ஏர்கோன் ரிப்பேர் செய்யிறவன்லாம் பூட்ஸோட வந்துர்றான்” என்றார் அக்கா. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எக்ஸ்ட்ராக்டரை, அதாவது துணிக்குள் தண்ணீரைப் பாய்ச்சி அழுக்கோடு உறிஞ்சும் மெஷினை, கார்ப்பெட் மேல் கம்பீரமாக உருட்டிக்கொண்டு உள்ளே போனேன்.

சோபா வேலையில் குறை சொல்ல முடியாது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழத்துக்கு அதைச் சிதைக்கும் என்சைம் திரவம் இறங்க வேண்டும். ஊறவிட்டேன், உறிஞ்சினேன், ஃபேனும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டிஹியூமிடிஃபையரும் போட்டு ஸ்பாஞ்சின் அடிவரை காயவைத்தேன். நம் ஊர் காற்றில் ஈரம் அதிகம். கறை காய்ந்தாலும் உப்பு உள்ளேயே தங்கி, மழை வந்தால் ஈரத்தை இழுத்து வாடையை எழுப்பிவிடும். இதை அக்காவுக்கு ஒரு பிரசங்கமாகவே செய்தேன். பாவம், டீ போட்டுக் கொடுத்துக் கேட்டார்.

வாடை போனது. அடுத்த வாரம் போன் வந்தது.

“குணா தம்பி, நாத்தம் திரும்பி வந்துருச்சு. ஒன்ன மட்டும்தான் காணோம்.”

மறுபடி போனேன். மறுபடி கால் கழுவினேன். மறுபடி சோபா. மூன்றே நாளில் வாடை முன்பைவிட மோசமாகி, மூன்றாம் முறை போனேன். என் வேலையில் தப்பிருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நிபுணர் குரலை வரவழைத்துக்கொண்டேன்.

“சோபா சுத்தமா இருக்கு சுரேஷ். பூனைக்குப் பழக்கமாயிருச்சு. இனி விடாது.”

“அப்ப ஞாயித்துக்கிழமை கொண்டுபோயி விட்டுர்றேன்” என்றான் அவன்.

அக்கா கோப்பியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். லிஃப்டில் இறங்கும்போது எனக்கு என் சட்டையே பிடிக்கவில்லை.

3. தண்டவாளம்

ஞாயிறு காலை, கூப்பிடாமலே போனேன். வாசலில் பூனைக்கூண்டு தயாராக இருந்தது. என் கையில் யூவி லைட். பழைய மூத்திரக் கறை அந்த வெளிச்சத்தில் மஞ்சளாகத் தெரியும். வாங்கிய நாள் முதல் டப்பாவிலேயே கிடந்தது. என் மூக்கு இருக்கும்போது அது எதற்கு என்ற நினைப்பு.

திரையை இழுத்துவிட்டு லைட்டை அடித்தேன். சோபாவில் ஒரு பொட்டு இல்லை. கார்ப்பெட்டில் இருந்தது. வாசலிலிருந்து சோபா வரை இரண்டு மெல்லிய கோடுகள், பக்கத்தில் அங்கங்கே திட்டுகள்.

“என்ன அங்கிள் இது, ரயில் தண்டவாளம் மாதிரி?” என்றான் சுரேஷ்.

“கோப்பி ஸ்டேஷன் ஸ்டேஷனா நின்னுருக்கான்” என்றார் அக்கா.

வாசலில் விட்டிருந்த மெஷினை உருட்டிவந்து கோடுகளின் மேல் நிறுத்தினேன். சக்கரங்கள் அச்சாகப் பொருந்தின. தஞ்சோங் தோக்கோங் கடுவன்களின் மூத்திரத்தில் உருண்ட சக்கரங்கள். வேற்றுப் பூனையின் வாடை வீட்டுக்குள் வந்தால் எந்தப் பூனையும் அதன் மேல் தன் வாடையைப் போட்டு, இது என் வீடு என்று சொல்லும். கோப்பி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சந்தேகம் இருந்தவர்களுக்காக அப்போதே வந்தான், சக்கரத்தை மோந்தான், திரும்பி நின்று வாலைத் தூக்கினான். மெஷினும் நனைந்தது, என் காலும் நனைந்தது.

சுரேஷ் விழுந்து விழுந்து சிரித்தான். கூண்டின் கதவைத் திறந்து என் பக்கம் நீட்டினான். “ஏறுங்க அங்கிள். மாக் மண்டினுக்கு யாராச்சும் போகணுமே.”

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கார்ப்பெட்டை அன்றே சுருட்டி எடுத்துப்போய் ஓசியில் கழுவிக் கொடுத்தேன். வாடை போய்விட்டது, கோப்பி இருந்துவிட்டான்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: போன வாடை திரும்பி வந்தால், பூனையைக் குற்றம் சொல்வதற்கு முன் உங்கள் சாமானை மோந்து பாருங்கள். இப்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சக்கரம், குழாய், பிரஷ் எல்லாவற்றையும் கழுவித்தான் உள்ளே போகிறேன். அக்கம்பக்கத்தார் மெஷினுக்குப் பூஜை போடுவதாக நினைக்கிறார்கள்.

போன மாதம் பேத்தி மெத்தையை நனைத்துவிட்டாள் என்று அக்கா கூப்பிட்டார். கதவைப் பாதி திறந்து நின்றார். காலடியில் கோப்பி.

“கால் கழுவியாச்சா?”

“ஆச்சு அக்கா.”

“ஒன்னக் கேக்கல” என்று மெஷினைக் காட்டினார். “அதக் கேட்டேன்.”